பண்டிகைச் சமையலைப் பங்கு போடப் பன்னிரண்டு அறிவுரைகள்

நங்கநல்லூரில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கூடத்தில் இருபது இலை போட்ட காலம் போய், இரண்டு படுக்கையறை, ஒரே சமையல் மேடை, ஒரே சிங்க் என்று குடித்தனம் சுருங்கிவிட்டது. பண்டிகைகள் மட்டும் சுருங்கவில்லை. ஆடிப்பெருக்கில் ஆரம்பித்தால் வரலட்சுமி விரதம், கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, பொங்கல் என்று ஓடி, சித்திரை முதல் தேதி முடிந்த பிறகுதான் அடுப்படி கொஞ்சம் மூச்சு விடும்.

கல்யாணமாகி முதல் முறையாகத் தங்கள் வீட்டில் பண்டிகை நடத்தப்போகும் இளம் தம்பதிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் செய்முறைதான். செய்முறை இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. தாம்பரத்து நாத்தனாரும் அடையாறு மச்சினரும் இரு பக்கத்துச் சம்பந்திகளும் ஒரே நாளில் வந்து நிற்கும்போது வேலையை எப்படிப் பிரிப்பது என்பதற்குத்தான் செய்முறை இல்லை. மருமகளாக இருந்து மாமியாராகவும் ஆகிவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் படித்து மற்றவருக்குச் சொல்வது என்று ஆரம்பித்தால் அங்கேயே பங்கு பிசகிவிடும்.

1. பண்டங்களை எழுதுவதற்கு முன் வேலைகளை எழுதுங்கள்.

பொங்கல் சாப்பாடு என்றதும் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, பல காய்கள் போட்ட குழம்பு, பாயசம் என்று ஐந்தாறு வரிகள் எழுதி முடித்துவிடுவீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் வேலைகளையும் எழுதிப் பாருங்கள். மஞ்சள் கொத்து, கரும்பு, வாழை இலை வாங்குவது. மொச்சை உரிப்பது. மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று பார்ப்பது. மேல்தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. முதல் நாள் இரவு தயிர் தோய்ப்பது. முழங்கால் வலிக்காரப் பெரியப்பாவுக்கு நாற்காலி எங்கே போடுவது என்று யோசிப்பது. சர்க்கரை வியாதி யாருக்கு, யார் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை என்று நினைவில் வைத்துக்கொள்வது. ஐந்து வரி முப்பது வரியாகிவிடும்.

இந்த முப்பதில் பாதி, கண்ணுக்குத் தெரியாமல் ஒருத்தியின் தலைக்குள்ளேயே நடக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. அது சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாளின் கணக்கு உங்கள் வீட்டுக் காகிதத்தில்தான் வரவேண்டும். முப்பது வரியையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கு நேராகவும் ஒரு பெயர் இருக்கட்டும். எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். சண்டை வந்தால் அன்றைக்கே வரட்டும். பொங்கலன்று வருவதைவிட அது மேல்.

2. வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள், முழுசாகக் கொடுங்கள்.

"இந்தத் தேங்காயைத் துருவிக் கொடு", "அந்த டப்பாவை எடுத்துக் கொடு" என்று சில்லறை வேலை கொடுத்தால் கை மட்டும் நகரும். பொறுப்பு நகராது. வடை மச்சினருடையது என்றால், உளுந்து வாங்குவதிலிருந்து எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பதுவரை அவருடையது. உளுந்தை ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதற்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். இதை ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதீர்கள்.

கோணல் வடை வரும். ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழும். சாப்பிடுகிறவர் யாரும் அதற்காக இலையை மடித்துவிட்டு எழுந்துபோக மாட்டார். பக்கத்தில் நின்றுகொண்டு "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த வருஷம் வடை உங்கள் தலையில்தான் விழும்.

3. இலை போடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு இலை என்றால், பதினொன்றரைக்குச் சாதம் வடித்தாக வேண்டும், பதினொன்றுக்கு வடைச்சட்டி அடுப்பில் ஏறவேண்டும், ஒன்பதரைக்கு உளுந்து ஊறவேண்டும். அடுப்பில் இருப்பது மூன்றோ நான்கோ பர்னர்தான். எது எப்போது எதில் ஏறும் என்று முன்னாலேயே முடிவு செய்யாவிட்டால், மூன்று பேர் மூன்று வாணலியோடு ஒரே அடுப்புக்கு முன் நிற்பார்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியதை முன்கூட்டியே செய்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் ஒரு வாரத்துக்கு முன்பே ஆகட்டும். தீபாவளி முறுக்கு, தட்டை, மிக்ஸர் எல்லாம் முந்திய வாரமே டப்பாவுக்குப் போகட்டும். பீன்ஸ், கேரட் முதல் நாள் இரவே நறுக்கலாம். வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்துப்போகும். காலையில் நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். தேங்காயை அன்றைக்குத்தான் துருவ வேண்டும். நம் ஊர் ஆஞ்சநேயர் 32 அடி உயரத்தில் நிற்கிறார். அவருக்குச் சாத்தும் வடைமாலையில் இருப்பது தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கரகரவென்று அரைத்து, மிளகு போட்டு, தட்டையாகத் தட்டி முறுகலாகப் பொரித்த வடை. அது நாள் தாங்கும். இலைக்குப் போடும் மெதுவடை ஒரு மணி நேரத்தில் சவசவத்துவிடும். எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்தால் பாதி வேலை பண்டிகைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். விடியற்காலை எழுந்திருக்க முடியாதவருக்கும் ராத்திரி வேலையாகப் பங்கு கிடைக்கும்.

4. அளவு தெரியாத பயத்தில் சமைக்காதீர்கள்.

"போதாமல் போய்விட்டால்?" என்ற பயத்தில்தான் இரண்டு மடங்கு சமைக்கிறோம். இரண்டு மடங்கு சமையல் என்றால் இரண்டு மடங்கு நறுக்கல், இரண்டு மடங்கு பாத்திரம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தை வெளியிட்டபோது, தாயோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல் தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு அது பெரிய துணையானது. காரணம், அதில் அளவு இருந்தது. "கை நிதானம்" என்று சொல்லி விட்டுவிட்டால் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. அளவு எழுதியிருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பெரியவர்கள் இருபது பேருக்கு என் கணக்கு இது. சாதத்துக்கு அரிசி 2 கிலோ. சித்ரான்னம் ஒன்று இருந்தால் ஒன்றரை கிலோவே போதும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு அரை கிலோ, இலையில் போடும் பருப்புக்கு கால் கிலோ. ஆளுக்கு இரண்டு வடை என்றால் உளுந்து 600 கிராம். உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு 2 கிலோ, பொரியலுக்கு பீன்ஸ் ஒன்றரை கிலோ. பாயசத்துக்குப் பால் 2 லிட்டர். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி அரை கிலோ, வெல்லம் ஒரு கிலோ. தயிர் 2 லிட்டர். கறி இரண்டு, கூட்டு ஒன்று போதும். மூன்றாவது கறி யாருடைய பெருமைக்காகவோ செய்வது. அந்தப் பெருமைக்காரரே அதைச் செய்யட்டும்.

5. அடுப்படிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுப் பிரியுங்கள்.

மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால், நீங்கள் நல்லெண்ணத்தோடு "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது அவர் காதில் வேறு மாதிரி விழும். வாழ்நாள் முழுக்க அவர் சொல் செல்லுபடியான ஒரே இடம் அதுதானாக இருக்கலாம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988-இல் வந்தது. அந்தத் தலைப்புக் கதையில் சமையலறைதான் ஒரு பெண்ணின் அதிகாரம், அதேதான் அவளை அடைத்துவைத்த மூலையும். புது மருமகள்கள் மட்டுமல்ல, மகன்களும் படிக்க வேண்டிய கதை.

ஆகவே "எது உங்கள் கையால்தான் ஆகவேண்டும்?" என்று கேளுங்கள். அநேகமாகப் பால் பொங்கும்போது அரிசி போடுவது, கனுப்பிடிக்குச் சாதம் கலப்பது, ரசத்துக்குத் தாளிப்பது என்று ஒன்றிரண்டைச் சொல்வார். அதை அவருக்கே விடுங்கள். மீதியைக் கேட்டு வாங்குங்கள். நைவேத்தியம் முடியும்வரை மடி ஆசாரம் பார்க்கிற வீடாக இருந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மடி வேண்டாத வேலைகள் பட்டியலில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் ஒரு வரி அவர் பெயரிலிருந்து உங்கள் பெயர்களுக்கு நகர்ந்தால் போதும்.

என்னைப் போன்ற மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்த கரண்டியைத் திரும்பப் பிடுங்காதீர்கள். உப்பு குறைந்தால் இலையில் உப்பு இருக்கிறது.

6. "ஆண்களுக்கு வராது" என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சென்னைக் கல்யாண மண்டபங்களின் கோட்டையடுப்புகளைத் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான் ஆண்டார்கள். அறுசுவை நடராஜன் கல்யாணச் சாப்பாட்டை வைத்தே ஊரறியப் பெயர் வாங்கினார். ஆயிரம் பேருக்குச் சமைக்க ஆண் வேண்டும், ஆறு பேருக்குச் சமைக்க மட்டும் பெண் வேண்டும் என்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். பெண்கள் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இருந்த காலத்தில், கூட்டுக்குடும்பம் இல்லாத வீடுகளில் யார் சமைத்தார்கள்? தாத்தாக்களும் அப்பாக்களும்தான் சமைத்தார்கள். சாதம் வடித்து, ரசம் வைத்து, அப்பளம் சுட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். நான்காம் நாள் காலை அந்த வித்தை மறந்துபோனதாகச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஒதுக்கல் பல வீடுகளில் போய்விட்டது. அந்த மூன்று நாள் சமையல் திரும்பி வரட்டும்.

இலை வாங்க, காரை எடுக்க, சம்பந்திகளோடு கூடத்தில் உட்கார்ந்து பேச என்று வெளி வேலைகளை மட்டும் ஆண்கள் பெயருக்கு எழுதினால் பட்டியல் நிரம்பியதுபோலத் தோன்றும். அடுப்பின் சூடு படும் வேலை ஒன்று, சிங்கின் ஈரம் படும் வேலை ஒன்று ஒவ்வொரு ஆணின் பெயருக்கும் நேராக இருக்க வேண்டும்.

7. செலவையும் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பண்டிகை நடக்கும் வீட்டுக்காரருக்குத்தான் மளிகை, காய்கறி, நெய், எரிவாயு, லாரித் தண்ணீர் எல்லாம். "அவர்கள் வீட்டில்தானே நடக்கிறது" என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்த ஊருக்குப் பொதுச் செலவைப் பகிரத் தெரியும். நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை முன்பணமாகக் கட்டினார்கள் ஜனங்கள். குழாய் பதிப்பதற்கு முன்னாலேயே, நம்பிக் கட்டிய பணம் அது. அப்புறம் 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சாக்கடைக்கு ஊரே பங்கு போட்ட இடத்தில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பங்கு போட என்ன தயக்கம்?

ஆனால் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுக்காதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து இடுப்பு ஒடிய வேலை செய்கிற அக்காவும், பன்னிரண்டு மணிக்கு இலைக்கு நேராக வந்து உட்காருகிற அண்ணனும் ஒரே தொகை கொடுப்பது நியாயமில்லை. வேலையும் பணம்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவர் சொத்துச் சேர்க்கிறார், ஆகவே அவளுக்கும் அதில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை மாநில அரசு தொடங்கியது. கோர்ட்டும் கோட்டையும் ஒப்புக்கொண்ட கணக்கைக் குடும்பமும் ஒப்புக்கொள்ளலாம். உடம்பால் வரமுடியாதவர், வெளிநாட்டில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி: இவர்கள் பணமாகவோ, மளிகைக்கு ஆர்டர் போடும் பொறுப்பாகவோ கொடுக்கட்டும்.

8. வெளியில் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

போளி தட்ட ஒரு ஆள், சுட ஒரு ஆள் வேண்டும். மைசூர்பாகு பதம் ஒரு நிமிஷம் தவறினால் கல். இதெல்லாம் கைவராதவர்கள் வீட்டில் செய்துதான் ஆகவேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. பட்சணம் செய்து விற்கும் வீடுகளும் மெஸ்களும் நங்கநல்லூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அடையாறு கிராண்ட் ஸ்வீட்ஸின் புளிக்காய்ச்சல் அயல்நாட்டுக்கே பெட்டியில் ஏறிப் போகிறது. உங்கள் சமையல் மேடைக்கு வந்தால் என்ன?

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். தீபாவளி ஆர்டரைக் கடைசி வாரத்தில் கொடுக்கப் போனால் "முடிந்துவிட்டது" என்பார்கள். பத்து நாள் முன்னாலேயே சொல்லிவைப்பது ஒருவர் பெயரில் இருக்கட்டும். இரண்டாவது, வாங்கியதை வாங்கியது என்றே சொல்லுங்கள். வீட்டில் செய்ததாகச் சொல்லி வைத்தால் அடுத்த வருஷம் நிஜமாகவே செய்ய வேண்டிவரும்.

9. விருந்தாளியாகப் போகும்போதும் உங்களுக்கு வேலை உண்டு.

"என்ன கொண்டு வரட்டும்?" என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். சொன்னதை மட்டும் கொண்டு போங்கள். அங்கே போய் "கொஞ்சம் தாளிக்கணும், ஒரு அடுப்பு கிடைக்குமா?" என்று கேட்கும்படியான பண்டத்தைக் கொண்டு போகவே கூடாது. முடிந்த பண்டம், மூடிய தூக்கு, கூடவே ஒரு கரண்டி: இப்படிப் போனால் அந்த வீட்டுக்காரி உங்களை என்றைக்கும் வாழ்த்துவாள். அந்த வீட்டின் வழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக் காலையில் ஒரு வீட்டில் இட்லியோடு கறிக்குழம்பு மணக்கும். இன்னொரு வீட்டில் வெங்காயம்கூட உள்ளே வராது. கலப்பு மணம் நடந்த குடும்பங்களில் இரண்டும் உண்டு. காலைப் பலகாரம் ஒரு சம்பந்தி வீட்டில், பகல் சாப்பாடு இன்னொரு சம்பந்தி வீட்டில் என்று வைத்துக்கொண்டால் இரண்டு அடுப்படிகளுக்கும் அரை நாள் ஓய்வு.

நேரத்துக்குப் போவதும் உதவிதான். ஐப்பசி மழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் மெட்ரோ ரயில் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. அங்கே இறங்கி ஆட்டோ பிடியுங்கள். நீங்கள் முக்கால் மணி தாமதமாக வந்தால் ஒருவர் முக்கால் மணி நேரம் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டு நிற்கிறார்.

10. சமைத்தவர் முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

மற்ற பதினொன்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மேலே சொன்ன பட்டியல், அளவு, நேரக்கணக்கு எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். நம் வீடுகளில் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிமாறி முடித்து, மூன்று மணிக்கு ஆறிப்போன சாதத்தோடு, அப்பளம் தீர்ந்துபோன பிறகு, சமைத்தவள் உட்காருவாள். "எனக்குப் பசியே இல்லை" என்று வேறு சொல்லிக்கொள்வாள். வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று நாமும் அதை நம்பிவிடுகிறோம்.

சின்ன வீட்டில் ஒரு பந்திக்கு எட்டு இலைதான் போடமுடியும். முதல் எட்டில் காலையிலிருந்து நின்ற கால்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், குழந்தைகள் உட்காரட்டும். பரிமாறுவது, சமைக்காதவர்கள் வேலை. இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் சாதமும் நெய்யும், ஒருவர் சாம்பார் ரசம், ஒருவர் கறி வகை, ஒருவர் தண்ணீர், மோர். கறியைக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டுக் கேட்டுப் போடவேண்டும். குவித்தால் இலையில் வீணாகும். முதல் பந்தி எழுந்ததும் அவர்களில் தெம்பாக இருப்பவர்கள் இரண்டாம் பந்திக்குப் பரிமாறட்டும். இரண்டாம் பந்திக்கு வேண்டிய அப்பளத்தையும் வடையையும் முதலிலேயே தனியாக எடுத்து மூடி வையுங்கள்.

முதல் தடவை சமைத்தவளைப் பிடித்து உட்கார வைத்தால் முள்ளின் மேல் இருப்பதுபோல நெளிவாள். ரசம் எங்கே, கரண்டி எங்கே என்று எழுந்திருக்கப் பார்ப்பாள். எழவிடாதீர்கள். பரிமாறுகிறவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

11. குழந்தைகளுக்கும் பெயர் போட்டு வேலை கொடுங்கள்.

ஐந்து வயதில் இலை துடைக்கலாம், டம்ளர் வைக்கலாம். எட்டு வயதில் மொச்சை உரிக்கலாம், கொழுக்கட்டைப் பூரணம் உருட்டலாம். பன்னிரண்டு வயதில் மோர் கடைந்து பெருங்காயம் போட்டு வைக்கலாம். பையன், பெண் என்று வேலையில் பேதம் வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் விடாதீர்கள். கோகுலாஷ்டமிச் சீடை வெடிக்கும் என்பது சும்மா பயமுறுத்தும் கதை இல்லை. மாவில் கட்டியோ ஈரமோ உள்ளே சிக்கினால் நீராவி வெளிவர வழியில்லாமல் எண்ணெயோடு தெறிக்கும். மாவை இரண்டு முறை சலித்து, அழுத்தாமல் உருட்டி, ஊசியால் குத்தி, துணியில் உலர்த்தியபின் பெரியவர் ஒருவர் போடட்டும். உருட்டுவதை வேண்டுமானால் குழந்தைகளிடம் கொடுங்கள். உருண்டை பெரிசும் சிறிசுமாகத்தான் வரும். கிருஷ்ணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

12. பாத்திரமும் மிச்சமும் கணக்கும் முடிந்தால்தான் பண்டிகை முடியும்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அன்றைக்குப் பொங்கல்தான். அவருக்கு விடுமுறை கொடுங்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் இரட்டைச் சம்பளம் கொடுத்து, சாப்பிட வைத்து அனுப்புங்கள். மற்றபடி சமைக்காதவர்களும் பரிமாறாதவர்களும் பாத்திரம் தேய்க்கட்டும். எச்சில் இலைகள் மக்கும் குப்பைக்குப் போகட்டும். தெர்மோகோல் தட்டு வாங்கி இந்த வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அல்லது டப்பாவில் போட்டு உடனே கொடுத்தனுப்புங்கள். சமைத்த சோறு மேடையிலேயே மாலைவரை கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தேங்காய் அரைத்த கூட்டும் பச்சடியும் முதலில் கெடும். அதை அன்றிரவே தீர்த்துவிடுங்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, அதே வாரத்தில், கதவில் ஒட்டிய காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள். எது மிஞ்சியது, எது போதவில்லை, யார் பெயர் அதிகம் வந்தது என்று குறியுங்கள். இந்தத் தடவை வடை சுட்டவர் அடுத்த தடவை பாத்திரத்துக்குப் போகட்டும், பாத்திரம் தேய்த்தவர் பாயசத்துக்கு வரட்டும். தீபாவளி ஒரு வீட்டில் என்றால் பொங்கல் இன்னொரு வீட்டில் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த பண்டிகைக்கு அப்போதே பெயர் எழுதுங்கள். சித்திரை முதல் தேதிக்கு மாங்காய்ப் பச்சடி யார், வேப்பம்பூ ரசம் யார் என்று தை முடிவதற்குள் தெரிய வேண்டும். வேப்பம்பூவைப் பங்குனியிலேயே மரத்தடியில் சேகரித்து வெயிலில் காயவைத்தாக வேண்டும். அதற்கும் ஒரு வரி எழுதி ஒரு பெயர் போடுங்கள். யாராவது ஒருத்தி ஞாபகம் வைத்திருப்பாள் என்று விட்டுவிடாதீர்கள்.